மாதாவின் வசனம்

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய வெள்ளிதோறும் நடக்கும் இயேசுவின் திருப்பாடுகள் நாடகத்துக்கு வசனம் எழுதுவது ரபாயேல். அதில் மாதாவாக நின்று அழுவது அவர் மனைவி மரிய கொறற்றி. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் தவக்காலம் பிறந்தால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். விடியற்காலையில், வேலைக்குப் போகுமுன், நல்லதோ கெட்டதோ ஒரு வசனத்தை ரபாயேல் எழுதி வாசிப்பார். ரொட்டி தட்டிக்கொண்டே அவள் அதைச் சொல்லிப் பார்ப்பாள்.

"என்னாங்க இது, வாய்க்குள்ள கல்லு மாதிரி கெடக்கு? புள்ளைய பறிகொடுத்தவ தொரையோட கந்தோர் காயிதம் மாதிரியா பேசுவா?"

அதை அடித்துவிட்டு மறுநாள் வேறு எழுதுவார். ஒன்றுமே ஓடாத நாளிலும், அவளிடம் ஏச்சு வாங்கவாவது எதையோ கிறுக்கிவிடுவார்.

இந்த வருஷம் பாரிசவாதம் வந்து கொறற்றியைக் கட்டிலில் சாய்த்தது, பேச்சையும் பறித்துக்கொண்டது. மாதா வேஷம் மகள் பிரின்ஸிக்கு வந்தது. ரபாயேல் வழக்கத்தை விடவில்லை. விடியுமுன் எழுந்தார், பிளேன்டீ ஊற்றிக் குடித்தார், பேனாவைப் பிடித்தார். ஏச ஆளில்லாத வீட்டில் வசனம் எங்கிருந்து வரும்?

"அப்பா, குருத்தோலை ஞாயிறும் போயிருச்சு, பெரிய வெள்ளிக்கு இன்னும் நாலஞ்சு நாள்தான். மேடையில நான் என்னத்த சொல்றது?" என்று பிரின்ஸி அழாக்குறையாய்க் கேட்டாள்.

மறுநாள் காலை, போன வருஷத்து வசனத்தை எடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தார்.

"மகனே, என் மகனே..."

கொறற்றியின் கோணிய வாய் அசைந்தது. ஐயோ, சொல்லிப் பார்க்கிறாள்!

"ம... ம..."

அதற்குமேல் வரவில்லை. கண்ணீர்தான் காதோரம் வழிந்து தலையணையை நனைத்தது.

அன்று ரபாயேல் எழுதியது இவ்வளவுதான்: மாதா 'மகனே' என்று கூப்பிடப் பார்க்கிறாள். முடியவில்லை.

"இதுக்கு வசனம் இல்லையாப்பா?"

"இல்ல மகள். அம்மா மாதிரியே செய்."

பெரிய வெள்ளியன்று அவர் நாடகம் நடக்கும் மைதானத்துக்குப் போகவில்லை. மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் மகளின் குரல் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. "ம... ம..." பிறகு பெண்கள் ஓவென்று கதறினார்கள். எந்த வருஷமும் சனம் இப்படி அழுததில்லை. பூரித்துப்போய் மனைவி பக்கம் திரும்பினார் ரபாயேல்.

கொறற்றி கரண்டியைத் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புள்ள... ஒன் வேதனைய ஊருக்கு முன்னால வச்சிட்டேனா?"

மைதானத்தில் அழுகை ஓயவில்லை. அவள் திரும்பவேயில்லை.