முதலில் ஏறிய பெட்டி

பேளுக்குறிச்சி ஹபீப் ரஹ்மானுக்குச் சொந்தமாக இருப்பவை ஒரு மினி லாரியும் ஒரு முதுகுவலியும். இரண்டுக்கும் ஒரே வயது. கொல்லிமலைக்கு மாற்றலாகிப் போகிற அரசு ஊழியர்களின் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் கொண்டை ஊசி வளைவுகளில் சாயாமல் மேலே சேர்ப்பதும், அவர்கள் யார் யாரையோ பிடித்து மறுபடி மாற்றல் வாங்கியதும் அதே சாமான்களைக் கீழே இறக்குவதும் அவர் செய்துவரும் தேசத்தொண்டு.

தொண்டில் ஒரு சங்கடம். குடிபோக எல்லோருக்கும் வெள்ளிக்கிழமைதான் வேண்டும். அதனால் அவருக்கு வெள்ளி மதியத்து ஜும்ஆ தொழுகை இரண்டு வாரம் அடுத்தடுத்துத் தவறிவிட்டது. மூன்றாவதும் தவறினால் இதயத்தில் முத்திரை விழும் என்று கேட்டு வளர்ந்தவர். பீரோவில் கீறல் விழுந்தால் பெயிண்ட் அடிக்கலாம். இதற்கு என்ன அடிப்பது?

ஆகவே இந்த வெள்ளி, விடியுமுன்பே கிளம்பி, வேளாண்துறை மாதேஸ்வரனின் சாமான்களை ராகுகாலத்துக்கு முன்பே மலைமேல் குண்டூர் நாட்டு வாடகை வீட்டின் முன் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். இறக்கிப் போட்டுவிட்டு ஓடினால் தொழுகையைப் பிடித்துவிடலாம்.

"பாய், மொதல்ல சாமி படமும் உப்பு ஜாடியும் உள்ள போகோணுமுங்க," என்றார் மாதேஸ்வரனின் மனைவி கோகிலவாணி.

"அது ரெண்டும் இருக்குற பொட்டி எங்கம்மா?"

"சாமியாச்சேன்னு மரியாதையா அதைத்தான் மொதல்ல ஏத்துனமுங்க!"

முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். பெட்டி கேபினை ஒட்டி, பீரோவுக்கும் மெத்தைகளுக்கும் பின்னால் பத்திரமாக இருந்தது. அது ஏறிய நேரத்தில் ஹபீப் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த டீயை நினைத்து இப்போது நொந்துகொண்டார்.

சுமை இறக்க வந்த பக்கத்து வீட்டு மிளகு விவசாயி சென்றாயன் யோசனை சொன்னார். "உப்புத்தானுங்க? எங்க ஊட்டுல வாங்கிக்கலாம். ஏ கண்ணாயி, ஒரு பிடி உப்புக் கொண்டா!"

"வெள்ளிக்கெழம அதுவுமா உப்பை வெளிய குடுப்பாங்களா, புத்தி கெட்ட மனுசா!" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. மலைக்கு எப்போதும் தாமதமில்லாமல் வருவது அது ஒன்றுதான்.

"பன்னண்டுக்கு மேல எறக்கிக்கலாமுங்க பாய்," என்று மாதேஸ்வரன் படியில் உட்கார்ந்தார்.

ஹபீப் முதுகைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க சார், ராகுகாலம் ஊட்டுக்குள்ள போறதுக்குத்தானுங்க? ரோட்டுல எறக்குறதுக்கு இல்லீங்களே?"

மாதேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். மனைவி போனில் தன் அம்மாவைக் கேட்டார். நெடுநேர ஆலோசனைக்குப் பின் தீர்ப்பு வந்தது: "ரோடு கணக்குல சேராதாமுங்க."

ஒரு குடும்பத்தின் மானம் முழுவதும் ரோட்டோரம் இறங்கியது. அவ்வழி வந்த பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "மிக்சி என்ன வெலைங்க?" என்றார். தூறல் விழுந்தது. ஹபீப் தன் தார்ப்பாயை அத்தனை சாமான்மேலும் போர்த்தி, உள்ளே எடுத்து வைக்கும் பொறுப்பைச் சென்றாயனிடம் விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

கீழே ஊர்ப் பள்ளிவாசலில் கடைசி வரிசைதான் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தது. தொழுது முடித்துச் சுவரில் சாய்ந்தபோது, பக்கத்தில் இருந்த இரும்புக்கடை தவ்பீக் தோளைத் தொட்டார்.

"மச்சான், எம் மக மர்யத்தை மலை ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அடுத்த வெள்ளி அவ சாமானை ஏத்திரலாமுங்களா?"

"வெள்ளிதானா?"

"பரக்கத்தான நல்ல நாளாச்சே! குர்ஆன் பொட்டியைத்தான் மொதல்ல ஏத்தோணும்னு இப்பவே சொல்லிட்டா."

ஹபீப் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏத்தலாம் மச்சான். ஆனா அன்னிக்கு நான் டீ குடிக்கப் போகமாட்டேன்."