மணலில் தூக்கிய கை

"சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டு, காது பரிசோதிக்கும் பெண் எனக்கு ஹெட்போனை மாட்டி, கண்ணாடி அறையின் கதவைச் சாத்தினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என் அம்மா நாடகத்தில் பாடி நடித்தவள். அப்போதெல்லாம் மேடையில் மைக் கிடையாது. குரல் கடைசி வரிசை வரை போயாக வேண்டும். அதற்காகவே கோடையில், விடிந்ததும் ஸ்ரீரங்கத்துக் காவிரி மணலில் நின்று பாடிப் பார்ப்பாள். எட்டு வயதுச் சிறுமியான நான் அவளைவிட்டு விலகி நடந்துகொண்டே இருப்பேன்.

"கேட்டா கையைத் தூக்கு. கேக்கலைன்னா தூக்காதே. பொய் மட்டும் சொல்லிடாதேடி."

ஒரு வைகாசியில் அம்மா பத்து நாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்த மறுநாளே திருச்சியில் நாடகம். அவளுடைய ராணி வேஷத்துக்கு வேறொருத்தி காத்திருந்தாள். அன்று காலை நான் பாதி தூரம்கூடப் போகவில்லை. அம்மாவின் வாய் அசைந்தது. எனக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. கைகளைப் பிசைந்தபடி அவள் என்னையே பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். இன்னும் தள்ளிப் போய், இன்னும் உயரமாகத் தூக்கினேன்.

கொட்டகையில் முதல் பாட்டிலேயே "கேக்கலை, கேக்கலை!" என்று கத்தினார்கள். படுதா ஓரம் நின்ற என்னை அம்மா திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அதன்பின் அவளுக்குத் தோழி வேஷம்தான். ஆற்றுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"என்னம்மா, கையைத் தூக்கிட்டே இருக்கீங்க? நான் இன்னும் சத்தமே குடுக்கலையே!"