தட்டில் வைத்த பதக்கம்

எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. கலவைக்கு அருகே, வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊரில் பிறந்தவர். நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் இளம் வயதிலேயே காலாட்படையில் சேர்ந்தார். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்தபோது நம் படையோடு அங்கே அனுப்பப்பட்டார். குண்டடிபட்டுக் கிடந்த தோழர்களைத் தோளில் சுமந்து மீட்டதற்காக வீரப் பதக்கம் பெற்றார்.

அதை அவர் அணிந்து நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், "தூக்கினு வந்ததுக்கு மெடல் குடுத்தாங்க. அங்க தமிழ்ல அழுதவங்க முன்னாடி சும்மா நின்னேனே, அத்த இன்னா பண்றது?" என்பார்.

ஓய்வுபெற்றபின் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கேட் வாட்ச்மேன் ஆனார். தாமதமாக வருபவர்களை மீசையை முறுக்கி முறைப்பார். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதே கம்பெனியில் வேலை பார்த்த என் தம்பிக்கு, தையல் பிரிவில் இருந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து முகாமில் வாழும் குடும்பம். அப்பாவின் படை அங்கிருந்த காலத்தில்தான் அந்தப் பெண்ணின் அம்மா தன் அண்ணனைப் போரில் பறிகொடுத்திருந்தார்.

பெண் கேட்கப் போகுமுன் எல்லோரும் அப்பாவிடம் கெஞ்சினோம். "கல்யாணம் முடியட்டும், பொறுமையா சொல்லிக்கலாம். புள்ள வாழ்க்கைய கெடுத்துடாதீங்க" என்றார் அம்மா. அப்பாவோ, முகாமில் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுமுன், சட்டைப் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டார்.

"நான் உங்க ஊர்ல துப்பாக்கி புடிச்சு நின்னவம்மா. அத்தத் தெரிஞ்சுனு பொண்ணு குடுக்கிறதா இருந்தா குடுங்க."

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு சிவந்த கண்களோடு தேநீர் கொண்டுவந்தார் சம்பந்தியம்மா.

"நீங்கள் மறைச்சிருந்தா, பிறகு அறிஞ்ச அண்டைக்கே பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அண்ணா."

தட்டை வாங்கிக்கொண்டார். அப்பா பதக்கத்தை எடுக்கக் கை நீட்ட, "தட்டில வச்சதைத் திருப்பி எடுக்கிறேல்லை" என்று தடுத்தார். மறைந்த தன் அண்ணனின் படத்தருகே அதை வைத்துக்கொண்டார்.

இன்று தம்பியின் மகள் பள்ளிக்குப் போகிறாள். "இன்னா அம்மம்மா, தேத்தண்ணி ரெடியா?" என்று இரண்டு ஊர்த் தமிழையும் கலந்தடிக்கிறாள். இருந்தவரை அதைக் கேட்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

அவருடைய கடைசி நாட்களில் மருத்துவமனைக்குக் கஞ்சி சுமந்து வந்தவர் சம்பந்தியம்மாதான். இறுதி ஊர்வலத்துக்கு முன் படைத் தோழர்கள் பதக்கத்தைக் கேட்டபோது, அவரே துடைத்து எடுத்துவந்தார். "இது எங்கட அண்ணான்ர. நான்தான் குத்துவன்" என்று அப்பாவின் நெஞ்சில் குத்தினார். அதுவரை அடக்கிவைத்திருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

சிகிச்சையளித்த மருத்துவர்கள், இரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்கள், தோள் கொடுத்த முன்னாள் படைவீரர்கள், வந்தவர்களுக்குப் பசியாற்றிய முகாம் உறவுகள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.

பதக்கம் எங்கே என்று விசாரிக்கும் உறவினர்களுக்கு: இறுதிச் சடங்கில் கழற்றிச் சம்பந்தியம்மாவிடமே கொடுத்தோம். அது அவர் வீட்டில், அவருடைய அண்ணன்கள் இருவரின் படங்களுக்கும் நடுவே இருக்கிறது.