ஷூ அலமாரிக்கு இரண்டு கதவு

எர்னஸ்டீன் டாலிவருக்குச் சொந்த வீடு கிடையாது. சொந்த ரயில் பெட்டி உண்டு. டொலிடோ பணிமனையில் முப்பத்தோரு வருஷம் வெல்டிங் செய்து சேர்த்ததையெல்லாம் அதில் கொட்டினாள். புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் அப்பா அதே பெட்டியில் இருபத்தாறு வருஷம் பயணிகளுக்குப் படுக்கை விரித்தவர். அவர் தூங்கியதோ கழிப்பறையை ஒட்டிய பெஞ்சில், ராத்திரிக்கு மூன்று மணி நேரம். கறுப்புப் பணியாளர் யாராக இருந்தாலும் பயணிகளுக்கு 'ஜார்ஜ்'தான். உன் பேரென்ன என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெட்டி கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அதற்கு அப்பாவின் பெயரையே வைத்துப் பின்புறத்து விளக்குப் பலகையில் எழுதியது: லூசியஸ் டாலிவர்.

சொந்தப் பெட்டி என்றாலும் தானாக ஓடாது. பயணிகள் ரயிலின் வாலில் கோத்துவிட வேண்டும். டிசம்பருக்குள் சக்கரங்களை மாற்றாவிட்டால் இனிமேல் கோக்க முடியாது என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஹாலிஸ்டர் என்ற வக்கீல் பெட்டியை வாடகைக்குக் கேட்டு வந்தார். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ஒரு பயணம். பிடித்திருந்தால் அந்த வருஷமே இன்னும் பத்து. பத்தும் வந்தால் சக்கரம் வந்த மாதிரி.

சிகாகோ நெருங்கிய காலையில் அவர் அறையின் ஷூ அலமாரியைத் திறந்தாள். அதற்கு இரண்டு கதவு. அந்தக் காலத்தில் பயணி உள்பக்கமாக ஷூவை வைத்துவிட்டுத் தூங்குவார்; பணியாளர் நடைபாதைப் பக்கமாக எடுத்து, விடிவதற்குள் பளபளவென்று துடைத்து வைக்க வேண்டும். இப்போது உள்ளே ஒரு ஜோடி பழுப்பு ஷூ இருந்தது. ஒன்றில் ஒரு டாலர் நோட்டு.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறையிலிருந்து தம்பி கிளைடு எட்டிப் பார்த்தான். "அக்கா, எடுத்தேன் கவுத்தேன்னு எதுவும் பண்ணிடாதே. குடு, நானே துடைச்சு வெச்சிடறேன். பத்துப் பயணம்க்கா!"

"நீ முட்டையைப் பாரு."

அப்பாவின் பிரஷ்ஷையும் பாலிஷ் டப்பாவையும் ஷூ பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் ஹாலிஸ்டர் காலுறையோடு வந்து நின்றார். "என்னம்மா இது? பழைய காலம் மாதிரி இருக்கும்னுதானே வந்தேன்!"

"பெட்டிதான் சார் பழசு. காலம் புதுசு."

"முழுப் பெட்டியும் நான் வாடகைக்கு எடுத்தது!"

"பெட்டியைத்தான் எடுத்தீங்க. எங்கப்பாவை எடுக்கல."

"அந்தப் பத்துப் பயணத்தையும் மறந்துடு!"

"மறந்தாச்சு. முட்டை ஆறுது, வாங்க."

வீம்புக்காரர். அந்த ஷூவைத் தொடமாட்டேன் என்று சிகாகோவில் காலுறையோடே இறங்கினார். நடைமேடையெல்லாம் பனி உருகிய தண்ணீர். ஆழம் தெரியாமல் காலை விட்டவர் பத்தடிகூடத் தாண்டவில்லை. சுமைகூலிக்காரரைக் கூப்பிட்டு ஷூவை எடுத்துவரச் சொன்னார்.

"எந்தப் பெட்டி சார்?"

ஹாலிஸ்டர் கையைக் காட்டினார்.

"நாலு ரயில் நிக்குது சார். பேரைச் சொல்லுங்க."

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கலையே!" என்றாள் எர்னஸ்டீன், பெட்டியின் பின்வாசலில் நின்றபடி.

"லூசியஸ் டாலிவர்!" என்று கத்தினார் ஹாலிஸ்டர். அப்பா இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கிய நடைமேடை அது. ஒரு பயணி அவர் பெயரை அங்கே வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

டிசம்பரில் சக்கரத்துக்கு வழியில்லாமல் பெட்டி டொலிடோ யார்டில் நின்றது. பின்புறத்துப் பெயர்ப் பலகையின் விளக்கை மட்டும் அவள் அணைக்கவில்லை.