ஞாயிற்றுக்கிழமைக் கொக்குகள்

பறவை விரட்டுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் கம்பஸில் இன்னும் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்த வேலையில் ஒரு மனுசிக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாவிக்கரையில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஜெசிந்தா அக்காவுக்கு ஒரு கடிதம் போனது. "உமது மீன் கழிவே ஓடுபாதைக்குப் பறவைகளை வரவழைக்கிறது. மாத முடிவுக்குள் மீன் வெட்டும் பலகையை அகற்றவும்." அந்தப் பலகையை எடுத்தால் அவவின் வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை. கடிதத்தோடு ஆதாரமாக இணைத்திருந்தவை நான் என் கையால் நிரப்பிய படிவங்கள்.

விலங்கியல் படிக்கிறவள் என்பதால் ஆறு மாதப் பயிற்சிக்கு வாவிக்கரைச் சின்ன விமான நிலையத்துக்கு, விமானத்தில் மோதாமல் பறவை விரட்ட, அனுப்பப்பட்டிருந்தேன். பயிற்சி என்ற பெயரில் எங்கேயாவது படிவம் நிரப்பியவர்கள் மேலே படியுங்கள். உங்களுக்கு விளங்கும்.

ஒற்றைச் சிறகு

முதல் நாள் விடிய, விமானம் வரமுன்னர், அங்கே வேலை செய்கிற காத்தான்குடி நவாஸ் நானாவோடு ஓடுபாதை நீளத்துக்கு நடந்தேன். அவர் கையில் ஒன்றோடொன்று அடிக்கிற இரண்டு பலகையும் ஒரு பை சீனவெடியும். என் கையில் பறவைகளை எண்ணி நிரப்புகிற படிவம். சரளைக்கல்லில் ஓர் ஆக்காட்டிக் குருவி ஒற்றைச் சிறகை இழுத்து இழுத்துப் போனது. காயம் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். பிடித்துவிடலாம் போல ஒவ்வொரு முறையும் இரண்டடி முன்னால் நின்றது. வேலி வரைக்கும் என்னைக் கூட்டிப்போய், சிறகை விரித்துச் சுகமாகப் பறந்து திரும்பியது. இவ்வளவு நேர்த்தியாக என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை. வாய் திறந்தபடி நின்றேன்.

நவாஸ் நானா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "முட்டை இஞ்சதான் கிடக்கு தங்கச்சி. உங்கள அங்கால கொண்டுபோய் விட்டிட்டு அது வந்திட்டுது."

அவசரமில்லாதவர்

இன்னொரு நாள் ஆள் நீளத்துக்கு ஒரு கபரக்கொய்யா உடும்பு ஓடுபாதையின் நடுவில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. விமானம் வாவிக்கு மேலே வந்துவிட்டது. பலகை அடித்தோம். வெடி போட்டோம். அது நாக்கை ஒருதரம் நீட்டிக் காற்றைப் பார்த்தது, அவ்வளவுதான். விமானம் இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது. பிறகு, தன் காணிக்குள் நடக்கிறவரைப் போல, வாலைத் தார் மேல் இழுத்தபடி அது மெல்லப் போனது. அந்தத் தோலில் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் பதித்து வைத்தது போல இருந்தது. எனக்கு வெடி போட்டதே வெட்கமாகிவிட்டது.

வோக்கி-டோக்கியில் விமான நிலையப் பொறுப்பதிகாரி, என்ன தாமதம் என்று கத்தினார். நவாஸ் நானா அமைதியாகச் சொன்னார்: "அதுக்கு அவசரம் இல்லையாம் சேர்."

காரணம் என்ற கட்டம்

படிவத்தில் கடைசிக் கட்டம் 'காரணம்'. முதல் கிழமை முழுக்க வெறுமையாக விட்டேன். திரும்பி வந்தது. தெரியாது என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. "காரணம் இல்லாமப் பறவை வராது பிள்ளை," என்றார் சேர். வேலிக்கு வெளியே பார்த்தேன். ஜெசிந்தா அக்காவின் பலகைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. 'மீன் கழிவு' என்று எழுதினேன். பிறகு தினமும் அதையே எழுதினேன். திங்கட்கிழமைகளில்தான் பறவை அதிகம். அந்தக் கரையில் ஞாயிறு ஒருவரும் வலை இறக்குவதில்லை என்பதால் திங்கள்தான் மீனும் அதிகம். கணக்கு அழகாகப் பொருந்தியது. பொருந்துகிற கணக்கை யார் சந்தேகப்படுகிறார்கள்?

கடிதம் போன பிறகு மன்னிப்புக் கேட்க அவவிடம் போனேன். அவ ஒரு குடலை மேலே எறிந்தா. செம்பருந்து ஒன்று வந்தது. அவவின் தலைமுடி கூட அசையவில்லை. குடல் மட்டும் காற்றில் இல்லை. பருந்து அதோடு நேரே அக்கரைக் கண்ணா மரக்காட்டுக்குப் போனது. அடுத்ததும் அங்கேதான். ஒன்றாவது ஓடுபாதைப் பக்கம் திரும்பவில்லை. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு அவ கேட்டா: "ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போறன். அண்டைக்கு உங்கட பறவையெல்லாம் எங்க புள்ள போகுது?"

எண்ணாத நாள்

ஞாயிறு விமானம் இல்லை. விமானம் இல்லாத நாளில் நாங்கள் எண்ணுவதில்லை. மீன் வெட்டாத ஒரே நாளை எண்ணாமலே மீனைக் குற்றவாளி ஆக்கியிருந்தோம்.

அந்த ஞாயிறு நவாஸ் நானாவை இழுத்துக்கொண்டு போனேன். கரையில் பலகை கழுவிக் காய்ந்து கிடந்தது. ஓடுபாதையின் இரு பக்கமும் புல் தெரியவில்லை. அத்தனையும் கொக்கு. நடுநடுவே கறுப்பாக அரிவாள்மூக்கன்கள். முதல்நாள், சனி பின்னேரம், வழக்கம்போல மிஷினால் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒளிய இடமில்லாமல் தவளையும் வெட்டுக்கிளியும் துள்ளிக்கொண்டிருந்தன. திங்கள் வரைக்கும் அந்த விருந்து முடியாது. ஒரு வெடி போட்டோம். நிலமே வெள்ளையாக எழும்பியது. சிறகுச் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. வாவிக்கு மேலே ஒரு வளையம் போட்டு, எங்களுக்குப் பின்னாலேயே மறுபடி இறங்கின. எண்ணுவதற்கு எடுத்த பேனையை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாமளே சோறும் போட்டு நாமளே வெடியும் போடுறம்," என்றார் நவாஸ் நானா.

பதில்

சேரோடு மூன்று நாள் வாதாடினேன். படிவத்தில் ஞாயிறு இல்லை என்றார். நான் கோடு போட்டுச் சேர்த்தேன். அது செல்லாது என்றார். அப்படியென்றால் வந்து பாருங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு வந்தார். கொக்குகள் எழும்பியபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவை இறங்கும்வரை அண்ணாந்து நின்றார்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கப் புதுக் கடிதம் வந்தது. இரண்டே வரி. "புல்லை ஒட்ட வெட்டுவது நிறுத்தப்படுகிறது. மீன் வெட்டுதல் தொடரலாம்." மன்னிப்பு என்ற சொல்லுக்கு அதில் இடம் இருக்கவில்லை. அதற்கும் வாதாடப் போனேன். நவாஸ் நானா போதும் என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் நான் உருப்படியாக விரட்டியது, ஒரு கட்டத்துக்குள் நானே கொண்டுவந்து இறக்கிய இரண்டு சொற்களைத்தான்.

ஜெசிந்தா அக்காவின் கையெல்லாம் செதில். கடிதத்தை என்னையே வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். ஒரு குடலை மேலே எறிந்துவிட்டு, பருந்து வந்து எடுத்துப் போகும்வரை பார்த்திருந்து சொன்னா:

"தொடரலாமாம். நான் எப்ப புள்ள நிப்பாட்டினன்?"