ரத்தப் பரிசோதனையில் நான் பாஸ்!

போன செவ்வாய்க்கிழமை சிரம்பானில் ஒரு கிளினிக்கில், டாக்டர் அறைக்குள் நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். “பாஸ்!” என்று கத்தினேன். ஐம்பது வயதில், அதுவும் ஒரு டீச்சர் இப்படிக் கத்தலாமா? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் ஆடியே இருப்பீர்கள்!

எனக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் குடலோடு சண்டைக்குப் போகும். பத்தியம்தான் மருந்து. பத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சண்டைக்கு வந்த ஆன்டிபாடிகள் குறைந்தால் நான் நல்ல பிள்ளை. குறையாவிட்டால்...

எனக்குக் குறையவே இல்லை.

“டீச்சர், எங்கயாவது கொஞ்சம் ரொட்டி, பிஸ்கட்...?” டாக்டர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாயை விட்டேன், மீ கோரேங் நூடுல்ஸை விட்டேன், பிறந்தநாள் கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு வைத்தேன். அத்தனையும் விட்ட பிறகு திருட்டுப் பட்டமா?

வீட்டில் இன்னும் மோசம். என் கணவர் அந்தோணி எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர். “ஒளிச்சி வச்சி சாப்புடுறியா? சொல்லிரு லா, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்” என்றார். வயிற்று வலியைவிட, கட்டியவரே நம்பாததுதான் அதிகம் வலித்தது.

நான் வெளியே சாப்பிடுவது ஒன்றே ஒன்றுதான். சுவா ஊர்ப் பக்கம், எங்கள் எஸ்டேட் முனையில் கனி பாய் கடை. பள்ளிக்குப் போகும் வழியில் அங்கே தோசை சாப்பிட்டுப் பசியாறுவேன். அரிசி, உளுந்து – இதில் கோதுமை எங்கே வந்தது?

ஒருநாள் அந்தோணி லீவு போட்டார். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தார். கடையே பார்த்துச் சிரித்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். பாய் ஒரு ரொட்டி சானாயைச் சுட்டு எடுத்தார். துணியால் ஒரு துடைப்பு. அதே கல்லில் என் தோசை மாவை ஊற்றினார்.

பேப்பர் கீழே விழுந்தது.

“பாய்! அந்தக் கல்லுல இப்பதானே ரொட்டி போட்டீங்க?” அந்தோணி எழுந்தே விட்டார்.

“ஆமா... ஆனா தோசையில கோதும போடல லா, சத்தியமா!”

“நீங்க போடவே வேணாம் பாய். கல்லுலேருந்தே ஒட்டிக்கிட்டு வருது!”

பாய் முகம் சுருங்கிப் போனது. மறுநாளே எனக்கென்று தனிக் கல், தனிக் கரண்டி, தனி அடுப்பு. “டீச்சர் கல்லுல எவனாச்சும் ரொட்டி போட்டா கைய ஒடிச்சிருவேன்” என்று வேலையாட்களுக்கு உத்தரவு வேறு.

அதன் பலன்தான் போன செவ்வாய். ஆன்டிபாடி இறங்கி நார்மலுக்கு வந்துவிட்டது. ஒன்று கவனித்தீர்களா? உள்ளே கோதுமை போயிருக்கிறது என்று ரத்தம் சொன்னது. எப்படிப் போனது என்று சொல்லவில்லை. அந்த மிச்சக் கதையை மனிதர்கள்தான் எழுதினார்கள் – என்னைத் திருடியாக்கி!

டாக்டர் கைகொடுத்தார். “சாரி, டீச்சர்” என்றார். என் கண் கலங்கிவிட்டது. உடனே பக்கத்து நாற்காலியிலிருந்து அந்தோணியின் குரல்:

“நான் அன்னிக்கே சொன்னேன் டாக்டர், இவ ஒரு துண்டு ரொட்டிகூட தொட மாட்டான்னு!”

ஜெயித்த கட்சியில் சேர ஆளுக்கா பஞ்சம்?