அயர்லாந்துக்காக நடந்த சண்டை

ஓட்டெடுப்பில் ஜெயித்தவர்களைத் தோற்றவர்களாக அறிவிக்கும் அநியாயத்தை நான் முதலில் பார்த்தது, நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஏழாம் வகுப்பில். இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது.

வரலாற்று டீச்சர் வகுப்பை அயர்லாந்து நாடாளுமன்றமாக்கியிருந்தார். புதிதாக விடுதலை பெற்ற சின்ன நாடு. பக்கத்திலேயே பெரிய இங்கிலாந்து. அங்கிருந்து வரும் சரக்குக்கு வரி போட்டு உள்ளூர்த் தொழிலைக் காப்பதா, மாடு விற்றுப் பிழைக்கும் விவசாயிகளுக்காகக் கதவைத் திறந்தே வைப்பதா? நான் வரி போடச் சொல்லும் மந்திரி. முளைவிட்ட செடிக்கு வேலி வேண்டாமா, எங்கள் செருப்புத் தொழிற்சாலை யாரை நம்பிப் பிழைக்கும் என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம்தான் அதிகம்.

டீச்சர் புன்னகையோடு, ஜெயிக்கும் அணிக்கென்று வைத்திருந்த பரிசை எதிரணிக்குக் கொடுத்தார். வேலி போட்ட அரசே பின்னாளில் அதைப் பிடுங்கிப் போட்டதாம். அதற்குள் இளைஞர்கள் வேலையில்லாமல் கப்பலேறிவிட்டார்களாம். ஆகவே வரலாறு அவர்கள் பக்கமாம்.

"பட் வி வன்!" என்றேன். உட்காரச் சொன்னார்.

வீட்டில் அழுதுகொண்டே முறையிட்டேன். அப்பா சிரித்தார்.

"மிஸ் சொன்னது கரெக்ட்தாம்மா. ஒரு ஸ்கூட்டருக்கு புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்துட்டு இருந்தோம். கதவைத் தொறந்தப்புறம்தான் எங்களுக்கெல்லாம் வேலையே வந்துச்சு."

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கட்டையைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா விருதுநகர்ப் பக்கம் கலர் கம்பெனி நடத்தியவர். கலர் என்றால் பாட்டிலில் அடைத்த ஆரஞ்சு, பன்னீர் சோடாக்கள்.

"ஆமா, தொறந்தீங்க. வெளிநாட்டுக்காரன் கடைக்குக் கடை ஓசில ஃபிரிட்ஜ் குடுத்து, உள்ள எங்க கலரை வைக்கக்கூடாதுன்னான். அப்பா கம்பெனியை மூடினாரு. எனக்கு மெடிக்கல் சீட் கெடைச்சும் சேர முடியல. அது எந்த ஹிஸ்டரில வருது?"

"தொறக்கலைன்னா நாம இங்க வந்தே இருக்க மாட்டோமே."

"வந்திருக்க வேண்டாமே."

அப்பா பால் வாங்கி வருவதாகக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் பால் இருந்தது.

எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. "ஸோ, டிட் ஐ வின் ஆர் நாட்?" என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "சாப்பிட்டுப் படு" என்றாள்.

பார்த்தே இராத ஒரு தேசத்துக்காக இரண்டு பேரும் இவ்வளவு கோபித்துக்கொள்கிறார்களே என்று உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. அம்மா கடைசியில் அப்பாவிடம் சொன்ன ‘வந்திருக்க வேண்டாமே’ என்ற அந்த வார்த்தையும் அயர்லாந்தைப் பற்றியதுதான் என்றே நினைத்தேன்.